அந்தோனியோ மொஸ்கேனியும் அவர்தம் சுவரோவியங்களும்

நூலாசிரியன் புகழ் ஏட்டோடு ஊரூராய்ச் செல்லும். சுவரில் எழுதும் ஓவியன் புகழோ அச்சுவர் நிற்குமிடத்திலேயே நிற்கும். சுவரைப் பேணுவார் இல்லையாயின் ஓவியமுமில்லை; ஓவியன் பெயருமில்லை. இவ்வுண்மையை விளக்கத்தக்கது இத்தாலிய ஓவியர் அந்தோனியோ மொஸ்கேனியின் வரலாறாகும்.

மொஸ்கேனி வட இத்தாலியிலுள்ள பேர்கமோ நகருக்கு அண்மையில், ஸ்தெத்சானோ என்னும் ஊரில், 1854 ஆம் ஆண்டிற் பிறந்தார். பேர்கமோவிலுள்ள கராரா கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றார். மனித உருவங்களை உயிர்ப்புடன் வரைவதில் வல்லவராய் விளங்கிய அவர், 1889 இல் யேசு சபையிற் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாது, உழைப்பையே காணிக்கையாக்கும் துணைச் சகோதரராகவே இறுதிவரை வாழ்ந்தார். இத்தாலியின் பல நகரங்களிலும், அல்பேனியா முதலிய அயல் நாடுகளிலும் கோயில்களை ஓவியங்களால் அணிசெய்தார்.

மங்களூரில் 1880 இல் யேசு சபையார் நிறுவிய புனித அலோசியஸ் கல்லூரியின் சிற்றாலயத்தை அணிசெய்யுமாறு பணிக்கப்பெற்று, 1898 இல் அவர் இந்தியா வந்தார். அவ்வாலயத்தின் சுவர்களும் விதானமும் ஏறக்குறைய ஈராண்டுகளில் ஓவியக்கூடமாயின. விதானத்தின் நடுவே கொன்சாகா அலோசியசின் வாழ்க்கை காட்டப்பெற்றுள்ளது. செல்வக் குடியிற் பிறந்தும் துறவு பூண்டு, கொள்ளைநோயுற்றோர்க்குத் தொண்டாற்றி, 1591 இல் இருபத்துமூன்றாம் வயதில் உயிர்நீத்த இளைஞர் அவர். அவர் பிறந்த கஸ்திலியோனே என்னும் ஊரே நம் வீரமாமுனிவர் பிறந்த ஊருமாகும் என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கது.

சுவரோவியங்களை மொஸ்கேனி ஈரச்சாந்து முறையில் எழுதினார். சுண்ணாம்புச் சாந்து உலருமுன், நீரிற் குழைத்த வண்ணத்தை அதன்மேல் இடல் வேண்டும். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுங்கால் வண்ணமும் அதனுள்ளே பதிந்துவிடும். ஆதலால் ஒரு நாளில் எழுதக்கூடிய அளவிற்கே சாந்து பூசப்படும். எழுதியது பிழைத்தாற் சாந்தைச் சுரண்டியெடுத்து மீண்டும் தொடங்குவதன்றி வேறு வழியில்லை. உயர்ந்த சாரத்தில் நின்று, வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில், இத்தொழிலைச் செய்து முடித்தல் எளிதன்று.

பின்னர் அவர் கொச்சியிலுள்ள சாந்தா குரூஸ் பேராலயத்தில் ஓவியம் வரைந்தார். லியோனார்டோவின் ஓவியத்தைத் தழுவிய இறுதி இராவுணவுக் காட்சி அங்கு உள்ளது. ஆயின் அவ்வாலயம் திருநிலைப்படுத்தப்பெற்ற விழாவைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. 1905 நவம்பரில், விழாவுக்குச் சில நாட்களின் முன், தம் ஐம்பத்தோராம் வயதிற் கொச்சியிலேயே காலமானார்.

ஆண்டுகள் பல கழியவே, மழையீரத்தால் மங்களூர் ஓவியங்கள் நலிவுற்றன. இந்தியக் கலை, பண்பாட்டு மரபுக் காப்பு அறக்கட்டளையினர் 1990 களில் அவற்றைத் துப்புரவு செய்து மீட்டனர். கல்லூரியார் தம் சுவரின் அருமையை உணர்ந்திருந்தமையாலேயே மொஸ்கேனி இன்றும் வாழ்கின்றார்.

மழையீரம் எமது ஊவா மலைநாட்டுக்கும் புதியதன்று. பதுளை–பண்டாரவளைப் பெருவழியிலுள்ள தோவ குகை விகாரையிற் கண்டிய மரபுச் சுவரோவியங்களை இன்றும் காணலாம். அவற்றைப் பேணுவார் உளர். நம் தோட்டக் கோயில்களின் நிலை யாது? கடல் கடந்து வந்த உழைப்பாளர் தம் அரிய ஊதியத்திற் சேர்த்த பொருளால் எழுப்பிய கோயில்கள் அவை. திருப்பணி என்னும் பெயரால் அவற்றின் பழைய ஓவியங்கள்மேற் புதுவண்ணம் பூசப்படுகின்றது. அதனடியில் ஓவியமும், எழுதியவன் கைத்திறனும், எழுதுவித்தோர் நினைவும் ஒருங்கே மறைகின்றன.

கோயில்களைப் புதுக்குதல் வேண்டியதே. பழையதைப் பதிவு செய்யாது அழித்தலே தவறு. விடுமுறையில் தத்தம் தோட்டங்களுக்குச் செல்லும் மாணவர், கோயிற் சுவர்களை நிழற்படமெடுத்து, எழுதியோர் யாவரென முதியோரை வினவிக் குறித்து வைப்பாராக. இன்று குறித்துவைக்கும் ஒரு பெயர், நாளை எழுதப்படும் மலையக வரலாற்றில் ஒரு பக்கமாகும்.