முரசும் வைஃபையும்: எலெக்ட்ரானிக் சிட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

செய்தி சொல்வதற்கு நம் முன்னோர் இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று ஓலை. இன்னாருக்கு என்று எழுதி, கையில் கொடுத்து, பதில் வாங்கி வருவது. மற்றொன்று முரசு. வீதிதோறும் அறைந்துகொண்டே போவது. யார் காதில் விழுந்தது, யார் காதில் விழவில்லை என்ற கணக்கு அதில் கிடையாது. மணிமேகலையின் முதல் காதையே புகார் நகரில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பதுதான். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், வேடர் கவர்ந்த பசுக்களை மீட்பவனுக்குத் தன் மகள் கோவிந்தையைத் தருவதாக நந்தகோன் முரசறைவிக்கிறான். கேட்டது ஊர் முழுவதும்; மீட்டு வந்தவன் சீவகன்.

இந்த இரண்டு வழியும் இன்று நம் வீட்டு வைஃபை பெட்டிக்குள் இருக்கின்றன. ஓலைக்கு யூனிகாஸ்ட் என்று பெயர். ஊருக்கெல்லாம் அறையும் முரசு பிராட்காஸ்ட். ஒரு குழுவுக்கு மட்டும் சொல்வது மல்டிகாஸ்ட். கம்பியில் இலகுவாக ஓடிய முரசு காற்றில் ஏன் பாரமாயிற்று, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கம்பிக்குக் காத்திராத ஊர்

ஓசூர் ரோட்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களின் நிலத்தில், 1978-ல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. அதற்கு வித்திட்டவர் ஆர்.கே. பாலிகா. 1991-ல் மத்திய அரசு இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பைத் தொடங்கியது. அதன் பெங்களூர் மையம் இங்கேதான் அமைந்தது. வெளிநாட்டுக்குச் செயற்கைக்கோள் வழி, நகரத்துக்குள் இருந்த கம்பெனிகளுக்கு மைக்ரோவேவ் வழி என்று தகவல் போயிற்று. தெருவைத் தோண்டிக் கேபிள் போடும்வரை தொழில் காத்திருக்குமா?

கம்பி போட முடியாத இடத்தில் காற்றைப் பிடிப்பதற்கு முன்னோடி ஹவாய்த் தீவுகள். கடல் குறுக்கே கிடந்ததால், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971-ல் அலோஹாநெட் என்ற வானொலி வலையை இயக்கினார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பணும். இந்தக் கருத்திலிருந்துதான் 1973-ல் ராபர்ட் மெட்கால்ஃப் ஈதர்நெட்டை வகுத்தார். அது கம்பி. கம்பியில் பொதுவாகக் கூவுவது மலிவு. ஆகவே 1982-ல் வந்த ஏ.ஆர்.பி. என்ற முறை நந்தகோன் வழியையே எடுத்துக்கொண்டது. "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோருக்கும் அறைவது, உரியவர் மட்டும் பதில் சொல்வது. 1989-ல் ஸ்டீவ் டீரிங் குழுவுக்கான மல்டிகாஸ்ட் முறையை இணையத்துக்கு வகுத்துக் கொடுத்தார்.

காற்றில் வந்த சிக்கல்

1997-ல் 802.11 என்ற வைஃபை விதி வெளியானது. நம் நாட்டில் 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று ஆன பிறகு அது வீட்டுக்கு வீடு வந்தது. இதில் தனி ஒருவருக்கு அனுப்பும் பாக்கெட்டுக்கு உடனே 'கிடைத்தது' என்ற ரசீது வரும். வராவிட்டால் பெட்டி மறுபடி அனுப்பும். முரசுக்கு அந்த ரசீது இல்லை. நூறு பேரும் ஒரே நேரத்தில் 'கிடைத்தது' என்று கூவினால் என்ன ஆகும்? ஆகவே தொலைந்தால் தொலைந்ததுதான்.

அடுத்தது வேகம். கடைசி அறையில் இருப்பவருக்கும் கேட்கணுமே! அதனால் பொதுச் செய்தியைப் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறார்கள். வியாபாரிக் கணக்காகப் பார்ப்போம். 1,500 பைட் என்றால் 12,000 பிட். நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அதற்குக் கால் மில்லிசெகண்டுகூட ஆகாது. 1 மெகாபிட் வேகத்தில் 12 மில்லிசெகண்ட் ஆகும். இப்படி எட்டு முரசு அறைந்தால் 96 மில்லிசெகண்ட், அதாவது நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, காலி. அதுவரை மற்றவர் வாய் மூடிக் காத்திருக்கணும். தூங்கும் போன்களும் குறித்த நேரத்தில் விழித்துக் கேட்கணும், பேட்டரியும் செலவு.

நீலாத்ரி ரோட்டுப் பக்கம் ஒரு பி.ஜி. விடுதியை எண்ணிப் பாருங்கள். அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். ஆளாளுக்கு முரசறைந்தால் ஊரிலிருக்கும் அம்மாவின் வீடியோ முகம் நின்று நின்றுதான் வரும்.

கண்ட வழிகள்

முதல் வழி, பெட்டியே முன்வந்து பதில் சொல்வது. யார் எங்கே என்று அதற்குத் தெரியும் என்பதால், எல்லோரையும் எழுப்பாமல் தானே விடை தந்துவிடும். இரண்டாவது, முரசை ஓலையாக மாற்றுவது. குழுவில் நாலு பேர் என்றால் நாலு ஓலை, ரசீதோடு, முழு வேகத்தில். இந்த இரண்டுக்கும் 2011-ல் வந்த 802.11வி திருத்தம் இடம் கொடுத்தது. மூன்றாவது, 2012-ன் 802.11ஏஏ திருத்தம். குழுச் செய்தியையே திரும்ப அனுப்பவும் ரசீது கேட்கவும் அதில் வழி உண்டு. 2021-ல் ஐ.இ.டி.எஃப். அமைப்பு இந்தச் சிக்கல்களையெல்லாம் தொகுத்து 9119 எண்ணுள்ள ஆவணமாக வெளியிட்டது.

நான்காவது வழி ஒன்று உண்டு. ஒருவருக்கொருவர் கேட்காதபடி முரசையே அடைத்துவிடுவது. விடுதிகளில் இது பாதுகாப்புத்தான். ஆனால் நம் வீட்டில் அதைச் செய்தால் போன் பிரிண்டரைக் காணாது, டி.வி.யைக் காணாது. அதேபோல, குறைந்த வேகம் வேண்டாமென்று நிறுத்தினால் மற்றவர்க்கு லாபம். கடைசி அறைக்காரருக்குக் காது கேட்காமல் போகும்.

ஆக, இந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: பொதுச் செய்தியின் செலவை யார் தாங்குவது? தூரத்தில் இருப்பவரை விட்டுவிட்டால் மற்ற எல்லோருக்கும் வேகம் கிடைக்கும். அவரையும் சேர்த்துக்கொண்டால் எல்லோரும் கொஞ்சம் காத்திருக்கணும். இத்துறையில் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். ஊரை விட்டு வந்து தூரத்து அறையில் இருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த விதியை எழுதும் இடத்தில் அவர்கள் உட்காரும்போது அந்தக் கடைசி அறையையும் கணக்கில் வைக்கட்டும்.