அணு மருத்துவத் தொழில்நுட்பர்களின் தொடர்கல்வி: இந்திய வரலாறு

அணு மருத்துவத் தொழில்நுட்பர் என்பவர் கதிரியக்க மருந்தை அளந்து ஆயத்தம் செய்து, நோயாளியைச் சோதனைக்குத் தயார்படுத்தி, காமா கேமரா அல்லது பெட் கருவியில் படம் எடுத்துத் தரும் மருத்துவப் பணியாளர். பட்டயமோ பட்டமோ பெற்றுப் பணியில் சேர்ந்த பிறகும் இவர் குறிப்பிட்ட கால இடைவெளியில் மேற்கொள்ள வேண்டிய படிப்பும் பயிற்சியும் தொடர்கல்வி எனப்படுகிறது. இந்தியாவில் இத்தொழிலுக்கான தொடர்கல்வி மருத்துவக் கல்வியின் வழியாக வரவில்லை. அது கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டங்களின் ஒரு பகுதியாகவே நுழைந்தது. தொழிலைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் தேசியச் சட்டம் 2021-ல்தான் இயற்றப்பட்டது.

தொழிலின் தோற்றம்

1941-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். இது அணு மருத்துவத்தின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 முதல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து மருத்துவமனைகளுக்குக் கதிரியக்கத் தனிமங்கள் கிடைக்கத் தொடங்கின. 1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் காமா கேமராவை உருவாக்கினார். அதே காலத்தில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டெக்னீசியம்-99எம் ஜெனரேட்டர் உருவானது.

இந்த இரண்டும் சேர்ந்தபோது தனித் தொழில்நுட்பரின் தேவை எழுந்தது. டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதைத் தரும் மாலிப்டினம்-99 பாதியாவதற்கு ஏறக்குறைய 66 மணி நேரம் ஆகும். ஆகவே ஜெனரேட்டரிலிருந்து டெக்னீசியத்தை மருத்துவமனையிலேயே பிரித்தெடுத்து, அதன் செயல்பாட்டை அளந்து, உரிய மருந்துடன் சேர்த்து, கதிரியக்கம் குறைவதற்குள் பயன்படுத்த வேண்டும். மருத்துவரோ இயற்பியலாளரோ நாள்தோறும் செய்யக்கூடிய வேலை அல்ல இது. அதற்கெனப் பயின்ற ஒருவர் முழுநேரமும் தேவைப்பட்டார்.

இந்தியாவில் பயிற்சி

1956-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1961-ல் டெல்லியில் அணு மருத்துவம் மற்றும் அதைச் சார்ந்த அறிவியல் நிறுவனம் பாதுகாப்புத் துறையின்கீழ் உருவானது. 1963-ல் பம்பாயின் பரேல் பகுதியில், டாடா நினைவு மருத்துவமனையின் துணைக் கட்டடத்தில், அணுசக்தித் துறை கதிர்வீச்சு மருத்துவ மையத்தைத் தொடங்கியது. 1967-ல் இந்திய அணு மருத்துவச் சங்கம் அமைந்தது.

பம்பாய் மையம் 1973-ல் மருத்துவர்களுக்கான கதிர்வீச்சு மருத்துவப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. தொழில்நுட்பர்களுக்கான மருத்துவக் கதிரியக்க ஐசோடோப்பு நுட்பப் பட்டயப் படிப்பும் அங்கு நடைபெற்றது. காலப்போக்கில் டெல்லி எய்ம்ஸ், மணிப்பால், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் முதலிய நிறுவனங்களில் இத்துறைக்கான பட்ட, பட்டயப் படிப்புகள் வந்தன.

இவை அனைத்தும் தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்புகள். சான்றிதழ் பெற்றவர் பத்தாண்டுக்குப் பின்னும் அதே அறிவோடு இருக்கிறாரா என்பதைக் கேட்கும் ஏற்பாடு இவற்றில் இல்லை. மாநாடுகள், சங்கக் கூட்டங்கள், கருவி விற்ற நிறுவனம் நடத்தும் சில நாள் பயிற்சி ஆகியவற்றையே தொழில்நுட்பர் நம்பியிருக்க வேண்டியிருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை ஆசிய-பசிபிக் நாடுகளுக்காக ஆஸ்திரேலியாவின் உதவியுடன் தொலைநிலைப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. பணியில் இருந்துகொண்டே பாட ஏடுகளின் வழியாகப் படித்து, தன் துறையிலேயே செய்முறையை முடிப்பது அத்திட்டத்தின் முறை.

கற்றது பழையதாதல்

பிற மருத்துவத் தொழில்களைவிட இத்தொழிலில் பாடநூல் விரைவில் பழையதாகிறது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, அலகுகளின் மாற்றம். 1970களில் படித்தவர் கதிரியக்கத்தைக் கியூரியிலும் உடல் பெறும் கதிர்வீச்சை ரெம்மிலும் கணக்கிட்டார். 1975-ல் பெக்கரெல், 1979-ல் சீவர்ட் ஆகிய அலகுகள் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டன. ஒரு மில்லிகியூரி 37 மெகாபெக்கரெலுக்குச் சமம். ஒரு ரெம் 10 மில்லிசீவர்ட்டுக்குச் சமம். மருத்துவர் ஓர் அலகில் எழுதியதைத் தொழில்நுட்பர் மற்றோர் அலகில் அளக்கும்போது, கணக்கில் நேரும் பிழை நேராக நோயாளியின் உடலைச் சேர்கிறது.

இரண்டாவது, பாதுகாப்பு வரம்பின் மாற்றம். கதிர்வீச்சுப் பணியாளர் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட் வரை பெறலாம் என்பது முந்தைய விதி. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1990-ல் ஏற்ற பரிந்துரை, ஐந்தாண்டுச் சராசரியை 20 மில்லிசீவர்ட்டாகக் குறைத்தது. இந்தியாவில் எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்ற கூடுதல் வரம்பும் உண்டு. பழைய வரம்பைப் பாடமாகப் படித்தவர் தம் உடலையே தவறான அளவுகோலால் மதிப்பிட நேரும்.

மூன்றாவது, கருவிகளின் மாற்றம். 2002-ல் பம்பாய் மையத்தில் மருத்துவச் சைக்ளோட்ரானும் பெட் கருவியும் செயல்படத் தொடங்கின. சில ஆண்டுகளில் பெட் கருவியும் சி.டி. கருவியும் ஒன்றாக இணைந்த இயந்திரம் பரவலானது. காமா கேமராவை மட்டும் பயின்றவர் எக்ஸ்-கதிர் சி.டி.யையும் இயக்க வேண்டியதாயிற்று. பெட் சோதனையில் பெரிதும் பயன்படும் ஃபுளோரின்-18 பாதியாவதற்கு ஏறக்குறைய 110 நிமிடங்களே ஆகும். அதன் கதிர்களின் ஆற்றலும் டெக்னீசியத்தினுடையதைவிட மூன்று மடங்குக்கு மேல். டெக்னீசியத்திற்குப் போதுமான ஈயத் தடுப்பு இதற்குப் போதாது.

சட்டம் அளந்ததும் அளக்காததும்

அணுசக்திச் சட்டம் 1962-லும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 1971-லும் வந்தன. 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. 1971 விதிகளுக்கு மாற்றாக 2004-ல் புதிய விதிகள் வந்தன. அணு மருத்துவத் துறை இயங்க வாரியத்தின் உரிமமும், தகுதி பெற்ற மருத்துவர், தொழில்நுட்பர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோரும் தேவை. பணியாளர்களுக்குக் கதிர்வீச்சின் ஆபத்தையும் பாதுகாப்பான பணிமுறையையும் எடுத்துச் சொல்வது பாதுகாப்பு அலுவலரின் கடமை. பணியில் இருப்போருக்கான பயிற்சிக்குச் சட்டத்தின் துணை இந்த வழியில்தான் கிடைத்தது.

தொழில்நுட்பர் மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வகத்திற்குச் சென்று, அவர் பெற்ற கதிர்வீச்சு பதிவாகிறது. அவர் எத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தார் என்பதற்கு அத்தகைய ஏடு இல்லை. மருத்துவர்களுக்கு நிலை வேறாக இருந்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியை வலியுறுத்தியது. ஒரே அறையில், ஒரே நோயாளிக்காகப் பணிபுரியும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே மணிக்கணக்கு இருந்தது.

அமெரிக்காவில் இம்முறை முன்பே அமைந்தது. அங்கு கதிரியல் தொழில்நுட்பர் பதிவகம் 1995 முதல் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. பதிவைத் தக்கவைக்க இரண்டாண்டுக்கு 24 மதிப்பீட்டுப் புள்ளிகள் பெற வேண்டும். அணு மருத்துவத் தொழில்நுட்பர்களுக்கெனத் தனிச் சான்றளிப்பு வாரியம் 1977-ல் அங்கு உருவானது.

2021-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்ட முன்வடிவு 2018 இறுதியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. திருத்தப்பட்ட வடிவம் 2021 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டமானது. அதன் அட்டவணையில் அணு மருத்துவத் தொழில்நுட்பர் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளார். மத்தியப் பதிவேட்டுக்கும் மாநிலப் பதிவேடுகளுக்கும் சட்டம் வழி செய்கிறது. பாடத்திட்டம், தேர்வு, பயிற்சி ஆகியவற்றோடு தொடர் தொழிற்கல்விக்கான தரத்தையும் வகுப்பது ஆணையத்தின் பணிகளுள் ஒன்று. எத்தனை மணி நேரம் என்பதைச் சட்டம் தானே சொல்லவில்லை. அதை ஆணையத்தின் பொறுப்பில் விட்டுள்ளது.

செஞ்சி வட்டாரமும் அணு மருத்துவமும்

இந்தக் கணக்கு பெருநகர மருத்துவமனைகளோடு முடிவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கோட்டைக்கு வடக்கே, குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் கோயிலால் அறியப்படும் சிற்றூர் சிங்கவரம். இத்தகைய ஊர்களில் தைராய்டு புற்றுநோய்க்கோ எலும்பு ஸ்கேனுக்கோ அணு மருத்துவச் சோதனை தேவைப்படுபவர், ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரிக்கோ, 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கோ செல்ல வேண்டும்.

பெட் சோதனைக்கு நோயாளி வெறும் வயிற்றில் வர வேண்டும். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் அயோடின் கலந்த உப்பையும் கடல் உணவையும் தவிர்க்கச் சொல்வது வழக்கம். சிகிச்சைக்குப் பின் கைக்குழந்தையிடமிருந்து எவ்வளவு நாள் விலகியிருப்பது, தாய்ப்பாலை எப்போது நிறுத்துவது போன்றவற்றையும் விளக்க வேண்டும். இவற்றை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் திரும்பக் கேட்கும் கேள்விக்கு விடை தருபவர் பெரும்பாலும் தொழில்நுட்பரே. அறிவுரை பழையதாகவோ குறையுள்ளதாகவோ இருந்தால், விடியலில் பேருந்து ஏறி வந்தவர் சோதனை நடக்காமல் திரும்ப நேரிடும். அன்றைய கூலியும் ஆயத்தம் செய்த மருந்தும் வீணாகும். அயோடின் சிகிச்சையில் வரும் பிழை இன்னும் பெரியது. அது வீட்டிலுள்ள குழந்தையையும் எட்டும்.

முக்கியத்துவம்

இந்திய அணு மருத்துவத்தின் வரலாறு அணு உலைகள், கருவிகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அக்கருவிகளின் முன் நிற்பவரின் அறிவைப் புதுப்பிக்கும் பொறுப்பு நெடுங்காலம் அவரவர் ஆர்வத்திற்கும் பணியிடத்தின் வசதிக்கும் விடப்பட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பைப் பொது ஏற்பாடாக மாற்ற வழி திறந்தது. விடுப்பு, பயணச் செலவு, தாய்மொழிப் பாடநூல் ஆகியவை கிடைத்தால்தான் மாவட்ட மருத்துவமனைத் தொழில்நுட்பருக்கும் அது பயன்படும். இல்லையெனில் தொடர்கல்வி, பதிவைப் புதுப்பிக்கக் காட்டும் மற்றொரு சான்றிதழாகவே நின்றுவிடும்.