நுண்ணோக்கியின் முன் கழிந்த இளமை

பணி ஓய்வு பெறுமுன் ஒரு நாள், "அம்மா ஆலையில் வேலை செய்கிறார்" என்று சொல்லக் கூசி நின்றாள் என் மாணவி ஒருத்தி. அவளுக்குச் சொன்ன வரலாற்றையே இங்கே பதிகிறேன்.

1969-இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. முதலமைச்சர் லிம் சொங் இயூ காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது.

1983-இல் நானும் அங்கு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து பேருந்தில் ஏறினால் கண்கள் எரியும். ஆயினும், நாசி லெமாக்கும் தோசையும் பகிர்ந்துண்ட நட்பு அங்கே மலர்ந்தது. தீபாவளிக்கு மலாய், சீனத் தோழியர் எங்கள் தோட்டத்து வீட்டிற்கு வந்து அம்மாவோடு முறுக்குப் பிழிந்தனர்.

ஆலைப் பெண்களை ஊரார் 'மீனா காரான்' என்று ஏளனம் செய்தனர். மலாயில் 'காரான்' என்றால் மின்சாரம். அந்த ஏளனத்திற்குரிய ஊதியத்தில்தான் என் தம்பியர் இருவரும் படித்தனர். 1985-ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் என் வரிசைத் தோழியர் பலர் வேலை இழந்தனர், நானும் இழந்தேன். அதன் பின்னரே ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

பெற்றோர்களே, உங்கள் உழைப்பைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அதுவும் நம் நாட்டு வரலாறே.