உள்ளியல்பும் நிபந்தனை வாக்கியமும்

ஒரு பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்பதோடு நில்லாமல், இன்னது நேர்ந்தால் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லும் பண்பு உள்ளியல்பு எனப்படும். கண்ணாடியின் நொறுங்கும் தன்மை, உப்பின் கரையும் தன்மை, நஞ்சின் கொல்லும் ஆற்றல், ஒருவரின் முன்கோபம் ஆகியவை இதில் அடங்கும். அலமாரியில் பத்திரமாக இருக்கும் கண்ணாடித் தம்ளர் ஒருநாளும் உடையாமலே போகலாம். அப்போதும் அது எளிதில் உடையக்கூடியதுதான். வெளிப்படாமலே இருக்கும் இந்தத் தன்மை எதில் அடங்கியிருக்கிறது? ஒரு நிபந்தனை வாக்கியம் உண்மையாக இருப்பதுதான் அது, வேறொன்றுமில்லை என்று 20ஆம் நூற்றாண்டு மெய்யியலார் பலர் சொன்னார்கள். "தட்டினால் உடையும்" என்பது ஒரு பொருளைப் பற்றி உண்மையானால் அது நொறுங்கும் தன்மையுடையது, உண்மையில்லையென்றால் அப்படிப்பட்டதல்ல. இந்த எளிய விளக்கத்துக்கு நிபந்தனைப் பகுப்பாய்வு என்று பெயர். அது திருத்தப்பட்டபோதெல்லாம் இன்னொரு எதிர்க்காட்டு முளைத்தது. உள்ளியல்பை நாம் கண்டறிய நிபந்தனை வாக்கியம் நல்ல வழி. உள்ளியல்பு என்றால் என்ன என்று சொல்ல அது போதாது என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது.

முன்வரலாறு

அரிஸ்டாட்டில் தம் 'மீவியற்பியல்' நூலின் ஒன்பதாம் பகுதியில் மெகாரா நகரத்துச் சிந்தனையாளர்களோடு வாதிடுகிறார். செயல்படும்போது மட்டுமே ஆற்றல் உண்டு என்பது அவர்கள் கட்சி. அப்படியானால் கட்டடக் கலைஞர் கரணையைக் கீழே வைத்ததும் தொழிலை மறந்தவராகிவிடுவார், மறுநாள் கற்காமலே அதைத் திரும்பப் பெறுவார். கண்ணுள்ளவர் ஒரே நாளில் பலமுறை குருடராவார். வெளிப்படாத ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான வாதம் பின்னர் யாரும் தரவில்லை.

ஆற்றலை ஒப்புக்கொள்வது வேறு, அதையே விளக்கமாக நீட்டுவது வேறு. 1673இல் மேடையேறிய மோலியேரின் கடைசி நாடகத்தில், மருத்துவப் பட்டம் பெற வந்தவர் அபின் தூங்கவைப்பதற்குக் காரணம் அதிலுள்ள தூங்கவைக்கும் ஆற்றலே என்கிறார்; தேர்வாளர்கள் மெச்சுகிறார்கள். அந்தக் கேலி நிலைத்துவிட்டது. பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஆற்றல் என்ற பேச்சே புலனறிவுவாதிகளுக்குக் கூச்சம் தருவதாயிற்று. காணக்கூடிய தூண்டலையும் காணக்கூடிய விளைவையும் கொண்டு அந்தப் பேச்சை வேறு சொற்களில் சொல்லிவிட முடியுமா என்ற தேடல் இப்படித்தான் தொடங்கியது.

கார்னாப்பின் தீக்குச்சி

தேடலை முறைப்படி நடத்தியவர் ருடால்ஃப் கார்னாப். 1936–37இல் வெளியான கட்டுரையில் நீரில் கரையும் தன்மையை எடுத்துக்கொண்டார். "எப்போது நீரில் இட்டாலும் கரையும்" என்று வரையறுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் அன்றைய குறியீட்டுத் தருக்கத்தில், முன்பாதி பொய்யானால் நிபந்தனை முழுவதும் உண்மை. நேற்று எரிந்து சாம்பலான மரத் தீக்குச்சி ஒன்று நீரில் போடப்படவே இல்லை. எனவே முன்பாதி பொய், நிபந்தனை உண்மை, தீக்குச்சி நீரில் கரைவது! இந்தக் கணக்கில், ஒருபோதும் நனையாத கருங்கல்லும் கரையும்.

கார்னாப் வரையறையைக் கைவிட்டு, அதைவிட எளிய ஒன்றோடு நிறைவடைந்தார்: ஒரு பொருளை நீரில் இட்டால், அது கரைந்தால், கரைந்தால் மட்டுமே, கரையும் தன்மையுடையது. தீக்குச்சி தப்பித்தது. ஆனால் சோதனைக்கு உட்படாத பொருள்களைப் பற்றி இந்த வாக்கியம் வாயே திறப்பதில்லை, நமக்கு வேண்டியதோ அவற்றைப் பற்றித்தான்.

கோளாறு தருக்கக் குறியீட்டில் இருந்தது. "போட்டிருந்தால் கரைந்திருக்கும்" என்று நடக்காததைப் பற்றிச் சொல்லும் நிபந்தனைக்கு வேறு இலக்கணம் வேண்டும். நெல்சன் குட்மன் 1947இல் அதன் சிக்கலை விரித்துக் காட்டினார். தீக்குச்சியைக் கிழித்திருந்தால் பற்றியிருக்கும் என்கிறோம். அது உலர்ந்திருந்தது, காற்றில் ஆக்சிஜன் இருந்தது என்பவற்றையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு பேசுகிறோம். எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல, மீண்டும் அதே வகை நிபந்தனை தேவைப்படுகிறது. ராபர்ட் ஸ்டால்நேக்கர் 1968இலும் டேவிட் லூயிஸ் 1973இலும் தந்த விடை இன்றும் பாடநூல்களில் முதலிடம் பெறுகிறது: நம் உலகத்துக்கு மிக நெருக்கமான, ஆனால் முன்பாதி உண்மையாக இருக்கும் சாத்திய உலகங்களில் பின்பாதியும் உண்மையானால் நிபந்தனை உண்மை.

இதற்கிடையே கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட 'மனம் என்னும் கருத்து' நூலில், மனத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி உள்ளியல்பைப் பற்றியதே என்றார். ஒருவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்றால் அவருள் ஏதோ ரகசிய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. பிரெஞ்சில் கேட்டால் புரிந்துகொள்வார், பேசச் சொன்னால் பேசுவார் என்றே பொருள். நிபந்தனைப் பகுப்பாய்வு மனமெய்யியலுக்குள் நுழைந்ததும், அதன் வெற்றிதோல்விக்குப் பெரிய விலை வந்துவிட்டது.

காலைவாரிகள்

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பணியாற்றிய சி. பி. மார்ட்டின் 1994இல் வெளியிட்ட சிறு கட்டுரை, எண்ணிப் பார்க்க மிக எளிய ஒரு கருவியால் இந்தக் கட்டடத்தை ஆட்டிவிட்டது. மின்னோட்டமில்லாத கம்பி ஒன்று. அதனோடு ஒரு கருவி இணைக்கப்பட்டிருக்கிறது. கடத்தி ஏதாவது கம்பியைத் தொட்டால் அதை உணர்ந்து, அந்தக் கணமே கம்பிக்கு மின்சாரம் கொடுத்துவிடும். "தொட்டால் மின்சாரம் பாயும்" என்ற நிபந்தனை இப்போது உண்மை. ஆனால் கம்பி இந்த நொடியில் வெறும் கம்பிதான். கருவியைத் திருப்பி அமைத்தால் எதிர்நிலை கிடைக்கும்: கம்பியில் மின்சாரம் இருக்கிறது, தொட்ட கணமே கருவி துண்டித்துவிடுகிறது, நிபந்தனை பொய், தன்மையோ உண்மை. சோதிக்க வரும்போது காலைவாரிவிடும் இத்தகைய இயல்புகளுக்கு மார்ட்டின் வைத்த கொச்சைப் பெயர் துறையில் ஒட்டிக்கொண்டது. இங்கு அவற்றைக் காலைவாரிகள் எனலாம்.

கற்பனைக் கருவி என்று தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டு மின்பெட்டியிலிருக்கும் ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பான், வழக்கமாக 30 மில்லியாம்பியர் கசிவு கண்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. துண்டிப்பதற்குள் ஒரு சிறு நேரம் மின்சாரம் பாய்ந்துவிடுவதால் மார்ட்டினின் கருவிக்கு அது முழு இணையல்ல. ஆனால் அதே திசையில் இருப்பதுதான்.

காலைவாரிகளுக்கு உறவுகளும் உண்டு. மார்க் ஜான்ஸ்டன் 1992இல் மறைப்பைச் சுட்டினார்: கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பொதியை இறுக அடைத்துவிட்டால் கீழே விழுந்தாலும் உடையாது. கண்ணாடியின் தன்மை மாறவில்லை, வெளிப்பாடுதான் தடுக்கப்பட்டது. அலெக்சாண்டர் பர்ட் 1998இல் முறிமருந்தை எடுத்துக்காட்டினார். நஞ்சு உள்ளே போய்விட்டது, முறிமருந்தும் பின்னாலேயே போயிற்று, ஆள் பிழைத்துக்கொண்டார். நஞ்சு நஞ்சுதான். அணு உலையில் யுரேனியத் தொகுதியை அடக்கிவைக்கும் போரான் தண்டுகளும் அவருடைய எடுத்துக்காட்டே.

தீயும் மணியும்

மேற்கத்திய நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடாத ஒரு செய்தி இங்கே சேர்க்கத்தக்கது. மறைப்பையும் காலைவாரியையும் பற்றிய வாதம் இந்தியத் தருக்க நூல்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்தது. அதற்கு நிலையான எடுத்துக்காட்டு தீயும் மணியும். ஒருவகை மணிக்கல்லை அருகில் வைத்தால் தீ சுடுவதில்லை, அகற்றினால் சுடுகிறது என்பது வாதிப்பவர் அனைவரும் ஏற்றுக்கொண்ட எடுகோள். தீயின் நிறமோ வடிவமோ மாறவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்று தீயில் இருந்தது, மணி வந்ததும் அழிந்தது, மணி விலகியதும் மீண்டும் பிறந்தது என்றார் மீமாம்சகர். பிரபாகரர் வழியினர் சக்தியைத் தனிப் பதார்த்தமாகவே கணக்கிட்டனர்.

நியாய மரபினரான நையாயிகர் இதை மறுத்தார். உதயனரின் 'நியாய குசுமாஞ்சலி', கங்கேசரின் 'தத்துவ சிந்தாமணி', 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய 'சித்தாந்த முக்தாவளி' என இந்த மறுப்பு தொடர்ச்சியாக வளர்ந்தது. சுடுவதற்குத் தீ மட்டும் காரணமல்ல. மணியின் இன்மையும் ஒரு காரணம். இதை ஏற்றால் எண்ணற்ற சக்திகளையும், அவற்றின் பிறப்புகளையும் அழிவுகளையும் கற்பிக்க வேண்டிய செலவு மிச்சம். உத்தேஜகம் எனப்படும் இன்னொரு மணி பக்கத்தில் இருந்தால் தடுக்கும் மணி இருந்தும் தீ சுடுமே என்ற கேள்விக்கும் விடை தயாராக இருந்தது: உத்தேஜகம் இல்லாத நிலையில் இருக்கும் மணி எதுவோ, அதன் இன்மையே காரணம்.

மீமாம்சகர் சொல்லும் தீ மார்ட்டினின் காலைவாரி. நையாயிகர் சொல்லும் தீ ஜான்ஸ்டனின் மறைப்பு. ஒரே நிகழ்ச்சியை இரு தரப்பும் வெவ்வேறாகப் படிப்பதால், இரண்டையும் நோக்கினால் மட்டும் பிரித்துவிட முடியாது என்பது இங்கு தெளிவாகிறது. மார்ட்டினின் கம்பியில் அந்தத் தெளிவு இல்லை; அங்கே கருவி என்ன செய்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

லூயிஸின் திருத்தமும் அதற்குப் பின்னும்

1997இல் லூயிஸ் பகுப்பாய்வைப் பழுதுபார்த்தார். உள்ளியல்புக்கு ஆதாரமான அகப்பண்பு ஒன்று உண்டு. கண்ணாடிக்கு அது அதன் அணுக்கட்டமைப்பு. தூண்டல் நேர்ந்து, அந்த அகப்பண்பும் போதிய நேரம் நீடித்தால், இரண்டும் சேர்ந்து விளைவைத் தருமா என்று கேட்க வேண்டும். காலைவாரி இதில் மாட்டிக்கொள்கிறது, ஏனெனில் அது அகப்பண்பையே மாற்றுவது. பர்ட்டின் முறிமருந்து நழுவிவிடுகிறது. நஞ்சின் மூலக்கூறு அப்படியே இருக்க, உடலில் நடக்கும் தொடர்வினையைத்தான் முறிமருந்து அறுக்கிறது.

"தடை ஏதும் இல்லையென்றால்" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் போதாதா? சேர்க்கலாம். ஆனால் தடை என்றால் என்ன என்று கேட்டால், விளைவைத் தடுப்பது எதுவோ அது என்பதைத் தவிரப் பொதுவிடை கிடைப்பது அரிது. அப்போது வரையறை "தட்டினால் உடையும், உடையாதபோது தவிர" என்றாகிறது. மார்ட்டின் வைத்த இருதலைப் பொறி இதுதான்: நிபந்தனையைக் கறாராக வாசித்தால் பொய்யாகும், தளர்த்தி வாசித்தால் வெறுமையாகும். நையாயிகர் ஓரளவு தப்பியது, தடை என்ற பொதுச்சொல்லை நம்பாமல் மணியின் இன்மை என்று பெயர் சொல்லிக் குறித்ததால். ஆனால் அவர் தேடியது சுடுதலின் காரணங்களை. ஒரு சொல்லின் பொருளை முழுதாக வரையறுக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்பவருக்குத் தடைகளின் பட்டியல் முடிவதே இல்லை.

டேவிட் மான்லியும் ரயன் வாசர்மனும் 2008இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தனர். உறுதியான கான்கிரீட் பாளம் ஒன்றுக்கு ஒரே ஒரு பலவீனப் புள்ளி. மிகக் குறிப்பிட்ட கோணத்தில் அங்கே பட்டால் நொறுங்கிவிடும். இப்போது சரியாக அந்தக் கோணத்தில்தான் விழ இருக்கிறது. "விழுந்தால் உடையும்" என்பது உண்மை, பாளம் நொறுங்கும் தன்மையுடையதல்ல. அவர்கள் தந்த மாற்று, ஒரே நிபந்தனைக்குப் பதிலாகப் பல்வேறு உயரம், தரை, கோணம் என எல்லாச் சூழல்களையும் எடுத்து, அவற்றில் எத்தனை பங்கில் உடைகிறது என்று பார்ப்பது. இது கண்ணாடி பீங்கானைவிட எளிதில் உடையும் என்பது போன்ற ஒப்பீட்டுக்கும் இடம் தருகிறது. நிபந்தனை முகாமிலிருந்து வந்தவற்றில் இதுவே உருப்படியானது. மைக்கேல் ஃபேரா 2005இல் நிபந்தனையைவிட்டு, "கண்ணாடி கீழே விழுந்து உடைவது வழக்கம்" என்பது போன்ற வழக்கத் தொடர்களை நாடினார். பார்பரா வெட்டர் 2015இல் வெளிவந்த நூலில் தூண்டல் என்ற பேச்சே வேண்டாம் என்கிறார். நொறுங்கும் தன்மை என்பது உடையக்கூடிய சாத்தியம் போதிய அளவில் இருப்பது, அவ்வளவுதான்.

உள்ளியல்புகள் எல்லாமே அகப்பண்புகள் என்ற லூயிஸின் எடுகோளும் கேள்விக்குள்ளானது. ஒரு சாவி ஒரு குறிப்பிட்ட கதவைத் திறக்கும் ஆற்றல் உடையது; கதவின் பூட்டை மாற்றிவிட்டால் சாவியில் ஒரு கீறலும் விழாமலே அந்த ஆற்றல் போய்விடுகிறது. ஜெனிஃபர் மெக்கிட்ரிக் 2003இல் இத்தகையவற்றைத் திரட்டிக் காட்டினார்.

செய்ய முடிந்திருக்கும்

விவாதம் வகுப்பறைக்கு வெளியே கனம் பெறுவது மனிதச் செயலில். "வேறு விதமாகச் செய்திருக்க முடியும்" என்பதை "அப்படித் தேர்ந்திருந்தால் வேறு விதமாகச் செய்திருப்பார்" என்று ஜி. இ. மூர் 1912இல் படித்தார். ஜே. எல். ஆஸ்டின் 1956இல் இதைக் கடுமையாகத் தாக்கினார். கீத் லெஹ்ரர் 1968இல் வைத்த எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது: ஒருவருக்குச் சிவப்பு மிட்டாய் இரத்தத் துளியை நினைவூட்டி அச்சம் தருகிறது, எடுக்க முடிவுசெய்தால் கை போகும், ஆனால் அவரால் முடிவுசெய்யவே முடியாது. நிபந்தனை உண்மை, ஆற்றல் இல்லை.

ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் 1969இல் ஒரு மறைமுகக் கண்காணிப்பாளரைக் கற்பித்தார். ஒருவர் தாமாகவே குற்றம் செய்கிறார். தயங்கியிருந்தால் கண்காணிப்பாளர் அவருடைய மூளையில் தலையிட்டுச் செய்யவைத்திருப்பார். தலையிட வேண்டிய தேவை எழவில்லை. அவரால் வேறு விதமாகச் செய்ய முடியாது, ஆயினும் பொறுப்பு அவருடையதே என்பது ஃப்ராங்க்ஃபர்ட்டின் முடிவு. காத்ரி விவெலின் 2004இல் இதை மார்ட்டினின் கம்பியோடு சேர்த்து வாசித்தார். கண்காணிப்பாளர் வெறும் காலைவாரி. தொட்டால் துண்டிக்கும் கருவி இருந்தும் கம்பியில் மின்சாரம் இருப்பதுபோல, தயங்கியிருந்தால் தடுக்கப்பட்டிருப்பார் என்பதனால் வேறு விதமாகச் செய்யும் ஆற்றல் அந்த ஆளிடம் இப்போது இல்லாமல் போய்விடாது. ஆற்றல் இருக்கலாம், அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்று ராண்டால்ஃப் கிளார்க் போன்றோர் திருப்பிக் கேட்கிறார்கள். பொறுப்புக்கு இரண்டில் எது வேண்டும் என்பதில் இரு தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.