வானொலி கேட்டு வித்திட்டவர்கள்

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பிரித்தானியா போரில் இறங்கியபோது, அந்நாட்டு மக்கள் உண்ட உணவிற் பெரும்பகுதி கப்பலேறி வந்ததாகும். கோதுமை கனடாவிலிருந்து வந்தது. வெண்ணெய் நியூசிலாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்தது. வெண்காயம் பிரான்சின் கரையோரத்திலிருந்து வந்தது. கடலிலே ஜேர்மனிய நீர்மூழ்கிகள் உலாவத் தொடங்கியதும், இக்கப்பல்களை நம்பி எத்தனை நாள் உயிர்வாழலாம் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 3 ஆம் தேதி, விவசாய அமைச்சராயிருந்த சேர் ரெஜினோல்ட் டோர்மன்-சிமித் வானொலியிற் பேசினார். நாட்டிலே இன்னும் ஐந்து இலட்சம் குடித்தோட்டங்கள் வேண்டும் என்பது அவர் விடுத்த அழைப்பு. வெற்றிக்காகத் தோண்டுங்கள் என்னும் சுலோகம் விரைவிலே சுவர்தோறும் ஒட்டப்பட்டது.

குடித்தோட்டம் என்பது, நகரசபை தனது நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி, வீட்டுடன் தோட்டமில்லாதவர்க்குக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பதாகும். 90 அடி நீளமும் 30 அடி அகலமும் அதன் வழமையான அளவு. யாழ்ப்பாணத்துக் கணக்கிற் கூறின் ஏறக்குறைய ஒரு பரப்பு. 1939 இல் 8 இலட்சத்துக்குச் சிறிது கூடுதலாயிருந்த இத்தோட்டங்கள் 1943 இல் 14 இலட்சமாயின. இலண்டன் கோட்டையைச் சூழ்ந்த அகழியிலும் கோவா வளர்ந்தது. அரசர் உலாவிய பூங்காக்களிலே உருளைக்கிழங்குப் பாத்திகள் தோன்றின.

ஆயின் தொகையை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வரலாற்றின் உட்பொருள் புலப்படாது. மண்வெட்டி எடுத்தவர்களுட் பலர் வாழ்நாளில் ஒரு வித்தையேனும் ஊன்றியறியாதவர்கள். எழுதுவினைஞர், ஆலைத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள். சுலோகம் அவர்களை நிலத்துக்கு அழைத்து வந்ததேயன்றி, வந்தபின் செய்ய வேண்டுவதைக் கற்பிக்கவில்லை. 1940 ஜனவரியில் ஆண்டு பலவாகக் காணாத கடுங்குளிர் வந்து மண்ணைக் கல்லாக்கியது. முதன்முதல் தோண்டப் புறப்பட்டவர்க்கு அது நற்சகுனமாக இருந்திராது.

குளிரினும் பெரிய இடர் ஒன்று உண்டு. புதிதாகத் தோட்டஞ் செய்பவன், வித்துப் பொதியைப் பிரித்தால் முழுவதையும் ஒரே நாளில் தூவிவிடுவான். யூலை மாதத்திலே சலாது இலை நூறு ஒருங்கே முற்றும், உண்ண ஆளில்லை. ஜனவரியிலோ பாத்தி வெறுமை. பசி மிக்க காலம் அதுவே. அரசாங்க அமைச்சு அஞ்சியதும் இதனையே. ஆதலின் அது வெளியிட்ட துண்டுப் பிரசுரங்கள், ஆண்டு முழுதும் மரக்கறி கிடைக்க வேண்டுமாயின் எதனை எப்போது விதைப்பது என்னும் கால அட்டவணையையே தலைமையாகக் கொண்டிருந்தன. பனியைத் தாங்கும் கோவா இனங்களும் லீக்ஸும் வசந்த காலத்தில் நாற்றுமேடையில் விதைக்கப்பட்டு, வேனிலிற் பெயர்த்து நடப்பட்டு, குளிர்காலத்தில் உணவாக வேண்டும். மார்கழிப் பசிக்குப் பங்குனியிலே வித்திடும் இத்தொலைநோக்கு, நகரவாசிக்குப் புதிய கல்வி.

அட்டவணையைப் படித்துணர எல்லாராலும் இயலாது. அவ்விடத்தில் உதவிக்கு வந்தது ஒரு குரல். சிசில் ஹென்றி மிடில்டன் என்பவர் 1886 இல் நோர்தம்ப்டன்சயரிற் பிறந்தவர். பெருந்தோட்டமொன்றின் தலைமைத் தோட்டக்காரருடைய மகன்; தாமும் சிறுவயதிலேயே அத்தொழிலிற் புகுந்தவர். 1930 களிலேயே பி.பி.சி. வானொலியிற் பூஞ்செடி பற்றிப் பேசிப் பெயர் பெற்றிருந்தார். போர் வந்ததும் ஞாயிறு பிற்பகற் பேச்சு மரக்கறிக்குத் திரும்பியது. அதனைக் கேட்டோர் 35 இலட்சம் பேர் என்பர். அவர் மேடையேறி முழங்கியவரல்லர். வேலிக்கு அப்பால் நின்று அயலவனுடன் உரையாடுபவர் போலப் பேசினார். அந்த அந்த வாரத்து வேலையை அந்த அந்த வாரத்திற் கூறுவதே வானொலியின் தனிச்சிறப்பு. நூல் அலமாரியில் உறங்கும்; ஞாயிற்றுக்கிழமையோ தவறாது வரும்.

கற்றுக்கொள்ள வேண்டியவை சிறியவைதாம். மண் ஈரமாய்க் காலில் ஒட்டும்போது விதைத்தலாகாது. சிறு வித்தை ஆழப் புதைத்தால் அது முளைத்து வெளிவர வலியற்றுப் போகும். நெருங்கி முளைத்த கரட்டை இரக்கமின்றிக் களைந்தாலன்றி ஒன்றேனும் பருக்காது. பொதியிற் பாதியை வைத்திருந்து மூன்று வாரம் கழித்து மீண்டும் விதைத்தால் விளைவு விட்டுவிட்டுக் கிடைக்கும். ஐரோப்பாவிலிருந்து வித்து வருதல் நின்றபின் இச்சிக்கனம் இன்றியமையாததாயிற்று. அமெரிக்க மக்கள் திரட்டி அனுப்பிய வித்துகள் ஓரளவு குறைதீர்த்தன. அவரையும் பட்டாணியும் காயவிட்டு அடுத்த ஆண்டுக்கு வித்தெடுக்கவும் பலர் பழகினர்.

வெண்காயத்தின் கதை தனியே கூறத்தக்கது. பிரான்சின் பிரித்தானிக் கரையிலிருந்து வியாபாரிகள் சைக்கிளில் வெண்காயப் பிணையல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கில வீதிகளில் விற்றுத் திரிவர். 1940 யூன் மாதம் பிரான்சு வீழ்ந்ததும் அவ்வரவு நின்றது. வெண்காயம் அருமருந்தாகி, குலுக்கற் சீட்டிழுப்பிற் பரிசாக வைக்கப்படும் நிலை வந்தது. இனி ஒவ்வொருவரும் தாமே விளைவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே சின்ன வெண்காயத்தை நட்டு இரண்டு மூன்று மாதத்திற் கிண்டியெடுப்பதைக் கண்டவர்க்கு அங்குள்ளார் பட்ட பாடு வியப்பாயிருக்கும். கடுகளவான கரிய வித்தை மார்ச்சு மாதம் விதைத்து, ஆவணி புரட்டாதிவரை ஏறக்குறைய ஆறு மாதம் களைபறித்துக் காத்திருத்தல் வேண்டும். அப்பொறுமையைச் சுவரொட்டி கொடுத்திராது.

மிடில்டன் மலரை முற்றும் துறந்தவருமல்லர். தோண்டும் முயற்சி மிகுந்தால் ரோசாக்கள் விரைவில் மீளும் என்பது அவர் தந்த ஆறுதல். கடமையை மட்டும் ஓதியிருந்தால் மக்கள் ஆறாண்டு செவிசாய்த்திருப்பரோ என்பது ஐயமே.

முதலில் அழைப்பு விடுத்த டோர்மன்-சிமித், 1941 இல் பர்மாவின் தேசாதிபதியாகச் சென்றார். 1942 மார்ச்சு மாதம் இரங்கூன் யப்பானியர் கைப்பட, அவர் அந்நாட்டை விட்டகல நேர்ந்தது. இலங்கை இறக்குமதி செய்த அரிசியிற் பெரும்பகுதி பர்மாவினது. அது நின்றதும் இங்கும் அரிசிக்குப் பங்கீடு வந்தது. மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் வளவுகளில் இடம்பிடித்தன. இலண்டனில் ஒலித்த அதே அறிவுரை, வேறு பயிர்களின் பெயரால் இங்கும் கேட்டது.

1945 செப்டெம்பர் 18 ஆம் தேதி, போர் முடிந்த சில வாரங்களில், மிடில்டன் திடீரெனக் காலமானார். பஞ்சம் அவரோடு போகவில்லை. போர்க்காலத்திலும் கட்டுப்படுத்தப்படாத பாண் 1946 இல் பங்கீட்டுக்குள் வந்தது. உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954 யூலையில். அதற்குள் பல தோட்டங்கள் புற்றரையாகவும் கட்டிட நிலமாகவும் மாறிவிட்டன. எனினும் 1947 ஏப்ரலில், மன்செஸ்டரை அடுத்த ஆஷ்டன்-அண்டர்-லைன் நகரில், தோட்டக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு வல்லுநர் விடை கூறும் நிகழ்ச்சியொன்றை பி.பி.சி. தொடங்கியது. அந்நிகழ்ச்சி இன்றும் ஒலிபரப்பாகி வருகின்றது.