கூமுட்டையை முன்னரே அறிதல்: அடைகாத்தல் கைமாறிய வரலாறு

ஒருவரைக் ‘கூமுட்டை’ என்று ஏசுவோர், அச்சொல் கோழிப் பஞ்சாரத்தின் அடியிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. கூழ்முட்டை என்பதன் பேச்சு வடிவம் அது. 21 நாள் அடையில் கிடந்தும் குஞ்சாகாமல் உள்ளே கூழாகிப்போன முட்டையையே அது குறிக்கும். கரு கூடாத முட்டை, கரு கூடிப் பாதியில் இறந்த முட்டை, உயிருள்ள முட்டை ஆகிய மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூன்று வாரம் கழிந்த பின்னரே வேறுபாடு தெரியவரும். அச்சொல்லில் உள்ள ஏமாற்றம் அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தது. முட்டைக்குள் நிகழ்வதை முன்னரே அறியவும் ஆளவும் மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு நெடியது. அது வழக்கமாகக் கருவிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அடைகாக்கும் திறன் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்னும் கேள்வி அதில் விடுபட்டுப்போகிறது.

எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்கவைப்பர் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்தில் அங்கே பச்சைச் செங்கல்லால் கட்டிய பெரும் அடைகாப்புச் சூளைகள் இயங்கின. கீழறையில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பரப்பப்பட்டிருக்கும். மேலறையில் வைக்கோலும் சாணமும் கனன்றுகொண்டிருக்கும். வெப்பமானி என்று ஒன்று அங்கே இல்லை. பணியாளர் முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையின்மேல் வைத்துச் சூட்டை மதிப்பிட்டனர். சீனத்தில் உமி, கூடை ஆகியவற்றைக் கொண்டு வாத்து முட்டைகளைப் பொரிக்கவைத்தோர், வளர்ந்த கருவிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையே புதிய முட்டைகளுக்குப் பயன்படுத்தினர். இரண்டு இடங்களிலும் அளவுகோலாக இருந்தது பழகிய மனித உடலே. பிரெஞ்சு அறிஞர் ரியோமுர் 1749இல் வெளியிட்ட நூலில் எகிப்தியச் சூளைகளை விரிவாக விளக்கினார். மக்கும் எருவின் சூட்டைக் கொண்டு பீப்பாய்களில் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் முறையையும் அவர் முன்வைத்தார். தோலின் உணர்வால் அறியப்பட்டு வந்த சூடு, வெப்பமானியின் அளவாக மாறத் தொடங்கியது.

வெப்பத்தைக் கையால் உணரலாம். கருவை அவ்வாறு உணர இயலாது. நாள்தோறும் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தே கோழிக்கருவின் வளர்ச்சியை அரிஸ்டாட்டில் விளக்கினார். மூன்று நாள் கழிந்ததும் இதயம் துடிக்கும் இரத்தப் புள்ளியாகத் தென்படுவதை அவர் பதிவு செய்துள்ளார். அறிவதற்கு அங்கே ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் விலையானது. உடைக்காமல் அறியும் வழியோ மிக எளியது. இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் விளக்கொளியைப் பாய்ச்சினால் போதும். ஏழாம் நாளில் கரும்புள்ளி ஒன்றிலிருந்து சிலந்திக்கால்போல் இரத்தக் குழாய்கள் பரவியிருந்தால் கரு உயிருடன் உள்ளது. உள்ளே தெளிவாக ஒளிர்ந்தால் கரு கூடவில்லை. சிவந்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இதற்கான ஆங்கிலச் சொல், இன்று கைப்பேசி விளக்கைக் கொண்டு பார்க்கும்போதும், தன்னுள் மெழுகுவத்தியையே சுமந்து நிற்கிறது. வீட்டில் அடைவைப்போர் அறிய மூன்று வாரம் காத்திருந்த செய்தி ஒரே வாரத்தில் கிட்டியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் தானே சீராகும் பொறிகள் வந்தன. 1881ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹியர்சன் அமைத்த பொறியில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த தகட்டுக் கூடு சூட்டில் விரிந்து விளக்கின் வெப்பத்தைத் திருப்பிவிடும். இவ்வாறு பேட்டின் ஒற்றைச் செயல் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டது: ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், போதிய ஈரப்பதம், காற்றோட்டம், நாளுக்குப் பல முறை புரட்டுதல், 18ஆம் நாளுக்குப் பின் புரட்டாமல் விடுதல். பேடு இவை அனைத்தையும் இயல்பாகவே செய்து வந்தது. இரை தேட அது சிறிது நேரம் எழுந்து செல்வதால், குறுகிய நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும் என்பதும் அதன் நடத்தையிலேயே அடங்கியிருந்தது.

பொறி வந்த பின் பேட்டின் அடை இயல்பு குறையாகக் கருதப்பட்டது. அடையில் அமர்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். எனவே அடையில் அமராத பறவைகளே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வணிகப் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டைகள்வரை இடும். ஆனால் தன் இனத்தைத் தானே பொரிக்காது. இடுவதும் பொரிப்பதும் இரு வேறு தொழில்களாயின. இரண்டாவது குஞ்சு பொரிப்பகத்தின் உடைமையாயிற்று.

இப்பிரிவின் விளைவை இந்திய வீட்டுக் கொல்லைகளில் காணலாம். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கென ஐதராபாத்திலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழியின ஆய்வு நிறுவனம் வனராஜா, கிராமப்பிரியா போன்ற வகைகளை உருவாக்கியது. அவை நாட்டுக்கோழியைக் காட்டிலும் விரைவாக வளர்கின்றன, மிகுதியாக முட்டையிடுகின்றன. ஏழைக் குடும்பங்களின் ஊட்டத்துக்கும் வருவாய்க்கும் அவற்றின் பங்களிப்பை மறுக்க இயலாது. ஆயினும் அவற்றிடம் அடைகாக்கும் இயல்பு பெரும்பாலும் இல்லை. அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைப் பெறப் பொரிப்பகத்தை நாட வேண்டும்; அன்றேல் அம்முட்டைகளை வீட்டிலுள்ள நாட்டுப் பேட்டின் கீழ் வைக்க வேண்டும். விளைச்சலில் பின்தங்கியதாகக் கணக்கிடப்படும் பறவையே, முன்னேறிய பறவையின் இனத்தைப் பொரித்துத் தருகிறது. அசீல் போன்ற இனங்கள் சிறந்த அடைக்கோழிகள் என்று பெயர் பெற்றவை. ஆனால் முட்டை எண்ணிக்கையை மட்டும் காட்டும் அட்டவணையில் அப்பண்புக்கு இடமில்லை.

புறக்கடைக் கோழிகளைப் பெரும்பாலும் பெண்களே பராமரிக்கின்றனர். எந்தப் பேட்டை அடைவைப்பது, எத்தனை முட்டை வைப்பது, எதை விலக்குவது என்னும் முடிவுகள் அவர்களுடையவை. குஞ்சுகளை விலைக்கு வாங்கும் முறையில் அம்முடிவுகளுக்கு வேலையில்லாமல் போகிறது. இன்று தெர்மாகோல் பெட்டி, மின்விளக்கு, வெப்பச் சீராக்கி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே குஞ்சு பொரிப்போரும், ஏழாம் நாளில் முட்டையை ஒளியில் பிடித்துப் பார்ப்போரும் அம்முடிவுகளின் ஒரு பகுதியை மீட்டெடுக்கின்றனர். அவர்களின் பெட்டியோ மின்தடைக்கு அஞ்சுவது. பேட்டுக்கு அவ்வச்சம் இல்லை.

ஆகவே நாட்டுக்கோழிப் பாதுகாப்பைப் பற்றிய ஆய்வுகள், இறகின் நிறத்தையும் முட்டையின் எண்ணிக்கையையும் பதிவதோடு அடையியல்பையும் ஒரு பண்பாக அளவிட வேண்டும். அதனுடன், அடைக்கோழி, அடைவைத்தல், கூழ்முட்டை முதலிய சொற்களின் வட்டார வழக்குகளும் தொகுக்கப்பட வேண்டும். பேட்டையும் முட்டையையும் நாள்தோறும் கவனித்தவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. அவர்கள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இச்சொற்களிலேயே தங்கியிருக்கிறது.