மன்னாரில் கடைச் சாப்பாடு: ஒரு பழைய கதை

லீவு தொடங்கினால் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், தாழ்வுபாட்டுக் கடற்கரை பார்க்க வாறோம். நல்ல சாப்பாட்டுக்கடை எங்க இருக்கு?" கொழும்பிலிருந்து கேட்கிறார்கள், கண்டியிலிருந்து கேட்கிறார்கள், கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள்.

கடைப் பெயர் சொல்லி விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. மன்னார் டவுனில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு எந்தக் கடை வாசலில் ஆட்டோக்கள் கூடுதலாக நிற்கின்றனவோ அங்கே போங்கள். மீன் இன்றைக்குப் பிடித்ததா என்று கேளுங்கள். நண்டு என்றால் முதலில் விலையைக் கேளுங்கள், பிறகு கதிரையில் இருங்கள். நோன்பு மாதத்தில் பகலில் வந்தால் முஸ்லிம் கடைகள் பல பூட்டியிருக்கும், அதையும் யோசித்து வாருங்கள். அவ்வளவுதான் என் பதில்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததை, முன்பின் தெரியாத இன்னொருவருக்குப் பக்கத்தில் இருந்து, காசு கொடுத்துச் சாப்பிடுவது என்பது எங்கள் கரைக்குப் புதிய பழக்கம். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று விருந்தாளியாக வைத்துக்கொண்டார். ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்று இவர் கேட்க, அரசர் பல்லக்கு கொடுத்து, கூட ஆட்களையும் அனுப்பினார். அந்தக் கணக்கை இப்னு பதூதாவே எழுதி வைத்திருக்கிறார்: நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். மற்றவர்களைவிடச் சாப்பாடு சுமந்தவர்கள்தான் கூட்டத்தில் அதிகமாகத் தெரிகிறார்கள். வழியில் கடையை நம்பிப் போகமுடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஐந்நூறு வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். அரசன் கொடுத்த சுமைகாரர் இவர்களுக்கு இல்லை. பானையும் அரிசியும் தங்கள் தலையிலேயே. அரசாங்கம் வழியில் கொட்டகை போட்டது, கிணறு தோண்டியது. ஆனாலும் அரிசி முடிந்தவர்கள், வாந்திபேதி வந்தவர்கள் அந்த ரோட்டோரத்திலேயே முடிந்துபோனார்கள். இன்றைக்கு ஏசி வேனில் மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு வரும்போது ஒரு கடையும் இல்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மன்னாரில் கடைச் சாப்பாடு பெரிய அளவில் நடந்த இடம் எது என்று கேட்டால், நான் முத்துக்குளிப்பைத்தான் சொல்வேன். மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, கொண்டச்சிப் பக்கம் மற்றக் காலங்களில் மணலும் முட்பற்றையும்தான். குளிப்பு அறிவித்தால் மட்டும் அந்த மணலில் கிடுகினால் ஒரு நகரம் எழும்பும். கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பொலிஸ், மறியல்கூடம், கடைத்தெரு எல்லாம் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அந்த நகரமே காணாமல் போய்விடும். 1905ஆம் ஆண்டுக் குளிப்புதான் மிகப் பெரியது. 318 வள்ளங்கள், ஏறக்குறைய ஐயாயிரம் குளிகாரர், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், அரபுக் குளிகாரர், செட்டிமார், சிப்பி வாங்க வந்த வியாபாரிகள் என்று எல்லோரும் ஒரே மணலில். அடுத்த வருடம் அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர் ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி, பிற்காலத்தில் எழுத்தாளராகப் பேர் எடுத்த லெனார்ட் வூல்ஃப். அழுகும் சிப்பியின் நாற்றத்தை அங்கே போய் வந்த எவருமே எழுதாமல் விட்டதில்லை.

இந்த நாற்றத்துக்குள்தான் கடைத்தெருவும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. குளிகாரருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு சிப்பி, மற்ற இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. கரைக்கு வந்ததும் தன் பங்கை விற்றால் கையில் காசு. பகல் முழுக்கக் கல்லைக் கட்டிக் கடலடிக்குப் போய் வந்தவன், வீடு இல்லாத ஊரில், மனைவி இல்லாத ஊரில், கையில் காசோடு நிற்கிறான். கடைக்காரனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளன் கிடைப்பானா? 1906இல் அரசாங்கம் இந்தத் தொழிலை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனியும் விழுந்தது, கிடுகு நகரமும் போனது.

அதற்குப் பிறகு ரயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது, தலைமன்னார் வரைக்கும் தண்டவாளம் வந்தது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து ஏறத்தாழ 22 மைல் கப்பல், தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில், அதில் கொழும்பு. இப்போது மன்னாருக்கு ஆட்கள் கால்நடையாக வருவதில்லை, மணிக்கணக்குப் படி வருகிறார்கள். மணிக்கணக்குப் படி பசிக்கிறவர்களுக்குக் கடை வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் இந்திய ஸ்டேஷன்களில் குடிதண்ணீரே இரண்டு வகை, இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர். ஒரே கிணற்றுத் தண்ணீர்தான், ஊற்றுகிற கை மட்டும் வேறு. எங்கள் வடக்கில் தண்ணீருக்கு மதம் பார்த்தது குறைவு, சாதி பார்த்தது அதிகம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடமாட்டார்கள். வெளியே நிற்கவைத்து போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, அது 21ஆம் இலக்கச் சட்டம். கடைக்குள் விடாவிட்டால் குற்றம் என்றது. சட்டம் கடதாசியில் இருந்தது, போத்தல் கடையில் இருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு, 1967, 68இல், சங்கானையிலும் சாவகச்சேரியிலும் இன்னும் பல இடங்களிலும் மக்களே கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காக உயிர்கள் போயின. வரலாற்றுப் பாடத்தில் மாவிட்டபுரம் கோயிலைச் சொல்கிறோம், தேநீர்க்கடையைச் சொல்வதில்லை. எனக்கு இரண்டும் ஒரே அளவுதான். கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போகலாம், தேத்தண்ணி தினமும் குடிக்கவேண்டும்.

முஸ்லிம் கடை மேசையில் சாதி கேட்பதில்லை என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்படலாம், ஆனால் அளவாக. நாங்களும் வெளியூர்க் கடையில் கதிரையை இழுக்கும் முன் ஹலாலா என்று கேட்கிறவர்கள்தானே. சைவக்காரர் எங்கள் கடைக்குள் வரமாட்டார், இறைச்சி வெட்டிய கத்தி அவருக்கு ஒத்துவராது. அவரை நாங்கள் குறையாக எடுப்பதில்லை, அவரும் எங்களைக் குறையாக எடுப்பதில்லை. தன் கோப்பையில் என்ன இருக்கவேண்டும் என்று பார்ப்பது ஒன்று. பக்கத்துக் கதிரையில் யார் இருக்கக்கூடாது என்று பார்ப்பது வேறொன்று. வகுப்பில் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போது நான் விடுவதில்லை.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது, 1984இல் அதுவும் நின்றது. 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் மக்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். நூற்றுக்கணக்கான வருடமாக முத்தும் மீனும் ஆட்களும் வந்து போன அதே கரைவழி. இறங்கியவர்களுக்கு முதல் சோறு கொடுத்தது புத்தளம் மாவட்டத்து மக்கள், கிடாரம் வைத்துச் சமைத்து. அது கடைச் சாப்பாடு அல்ல. ஆனால் முன்பின் தெரியாதவர் கைச் சாப்பாடு. அதைச் சாப்பிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது, கேட்டால் கறியின் ருசியைக்கூடச் சொல்லும்.

மன்னாரில் முஸ்லிம்களின் கடைகள் வெறுமையாயின. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகுதான் ரோடு திறந்து, ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயிலும் திரும்ப வந்தது. இன்று தாழ்வுபாட்டுக் கத்தோலிக்க மீனவர் பிடித்த மீன் முஸ்லிம் கடைச் சட்டியில் வேகிறது. அதை அனுராதபுரத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம் சாப்பிடுகிறது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். சாதாரண விஷயம்தான். ஆனால் சாதாரணமாகவே நீடிக்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

ஏன் என்றால், 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் ஒரு மாவுக் கட்டி கிடந்தது. சாப்பிட வந்தவர்கள் அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். காசு மேசையில் இருந்த இளைஞருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாவுக் கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, போட்டோம் என்ற மாதிரி ஏதோ பதில் சொன்னார். அது வீடியோவாகிப் பரவியது. கடை அடிக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் திகன எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், மறுநாள் பேஸ்புக்கே தடை. அப்படி மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்று இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். கறிக்குள் இருந்தது மாவு என்று அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது. அறிக்கை வரும்போது கடை இல்லை.

மாவுக்குச் சிங்களத்தில் 'பிட்டி' என்று பெயர். நம் பிட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற சொல். எங்கள் பள்ளியில் இரண்டாம் மொழிப் பாடத்தில் ஆறாம் வகுப்பிலேயே சாப்பாட்டுச் சொற்கள் தொடங்கிவிடுகின்றன: பத், பரிப்பு, மாளு, பிட்டி. பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடப் பார்க்கிறார்கள். நான் விடுவதில்லை.